அன்புக்குப் பயிற்சியும் வேண்டும்



எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிச் செல்லும் பாதையில், கள்வர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்த மனிதரின் உவமையை (லூக்கா 10:25-37) நாம் சிறு வயது முதலே கேட்டு வருகின்றோம். மறைக்கல்வி வகுப்பில் அதை நாடகமாகவும் நடித்திருக்கின்றோம். குருவும் லேவியரும் விலகிச் சென்றனர், சமாரியர் மனமிரங்கினார். அந்த மனவிரக்கத்தோடு நமது தியானம் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. ஆனால் நற்செய்தியாளர் அங்கே முடிக்கவில்லை. சமாரியர் செய்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாக, ஒழுங்கு தவறாமல் சொல்லிச் செல்கின்றார்.

அவர் காயமுற்றவரை அணுகினார். திராட்சை இரசமும் எண்ணெயும் வார்த்துக் காயங்களைக் கட்டினார். திராட்சை இரசம் புண்ணைக் கழுவவும், எண்ணெய் நோவைத் தணிக்கவும் அக்காலத்தில் பயன்பட்டவை. பின்னர் தமது விலங்கின் மீது ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோனார். அன்றிரவு தாமே கவனித்துக்கொண்டார். மறுநாள் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியத்தைக் கொடுத்து, நோயாளியை முறையாக ஒப்படைத்தார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்தார். முதலுதவி, பாதுகாப்பான இடமாற்றம், கண்காணிப்பு, ஒப்படைப்பு, பொறுப்பேற்பு: இன்றைய அவசர சேவைகளின் ஒழுங்கு முழுவதும் இந்தச் சில வரிகளுக்குள் அடங்கியிருக்கின்றது. புனித லூக்காவைத் திருச்சபை மருத்துவர் என்று போற்றி வருவதை (கொலோசையர் 4:14) நாம் இங்கு நினைவுகூரலாம்.

சமாரியரிடம் இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்துக்கு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்பும் கருத்து இதுதான்: ஆபத்து வேளையில் பயிற்சியும், ஒழுங்கும், சட்டத்துக்கு அமைந்த நடத்தையும் அன்புக்குப் புறம்பானவை அல்ல. அவையே அன்பின் வடிவங்கள்.

இதை நான் நூல்களிலிருந்து மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பங்கின் திருவிழாவுக்கு முந்திய நாள், ஆலய முகப்பில் மின்விளக்குச் சோடனை நடந்துகொண்டிருந்தது. ஏணியில் நின்ற ஒருவர் கால் தவறிச் சீமெந்துத் தரையில் விழுந்தார். அங்கு நின்ற நாங்கள் அத்தனை பேரும் ஓடினோம். ஒருவர் தலையைப் பிடித்தார், இருவர் தோளைப் பிடித்தனர், வேறு சிலர் கால்களைப் பிடித்தனர். நோவில் அலறியவரை அப்படியே தூக்கி, முச்சக்கர வண்டியின் பின் இருக்கையில் மடக்கி இருத்திக்கொண்டு வைத்தியசாலைக்கு விரைந்தோம். வழியில் யாரோ ஒருவர் அவரது வாயில் தண்ணீரும் ஊற்றினார். வைத்தியர் அவரைப் பரிசோதித்துவிட்டு எங்களிடம் கேட்டது ஒரேயொரு கேள்வி: "இவரை எப்படித் தூக்கினீர்கள்?"

அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அதன் பின்னர் அவர் தம் கால்களால் நடக்கவேயில்லை. முள்ளந்தண்டுக்கு நேர்ந்த கேடு விழுந்தபோது நேர்ந்ததா, நாங்கள் தூக்கியபோது நேர்ந்ததா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவரும் எங்களை ஒருபோதும் குறை கூறியதில்லை. ஆனாலும் அவரைத் தூக்கிய கைகளில் என் கைகளும் இருந்தன. எங்கள் எல்லோரிடமும் அன்பு இருந்தது. எங்களில் ஒருவருக்கேனும் அறிவு இருக்கவில்லை. கழுத்தையும் முதுகையும் அசையவிடாது, அவரைக் கிடந்தபடியே கிடத்தி, தெரிந்தவர் வரும்வரை அருகில் இருந்து ஆறுதல் சொல்லியிருந்தாலே போதும் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005ஆம் ஆண்டில் எழுதிய தமது முதல் சுற்றுமடலில் இதைத் தெளிவாக எடுத்துரைக்கின்றார். கடவுளின் அன்பைப் பற்றிய அந்த மடலில், துன்புறுவோருக்குப் பணி செய்பவர்கள் முதலாவதாகத் தங்கள் தொழிலில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்கின்றார். சரியானதைச் சரியான முறையில் செய்யப் பழகியிருக்க வேண்டும் என்றும், தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்றும் வலியுறுத்துகின்றார். தேர்ச்சி அடிப்படையானது, ஆனால் அது மட்டும் போதாது. துன்புறுபவரும் மனிதர் என்பதால், பணியாளரின் இதயமும் பயிற்றுவிக்கப்பட வேண்டும் என்பது அவரது போதனை. இதயத்தைப் பற்றி அவர் சொன்னதை நாம் விருப்போடு நினைவில் வைத்துக்கொள்கின்றோம். அதற்கு முன்னர் சொன்னதை மறந்துவிடுகின்றோம்.

நோயாளரின் பாதுகாவலரான புனித கமில்லுஸ் தெ லெல்லிஸின் வாழ்வும் இதற்குச் சான்று. 1550ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்த அவர் போர்வீரராக இருந்தவர்; சூதாட்டத்தில் உள்ளதெல்லாம் இழந்தவர். காலில் ஆறாத புண்ணோடு உரோமை நகரின் மருத்துவமனை ஒன்றில் தங்கியபோது, கூலிக்குப் பணி செய்தோரின் அசட்டையால் நோயாளர் படும் அவதியைக் கண்டார். மனமாற்றம் அடைந்த பின்னர் அவர் தோழர்களைத் திரட்டியதோடு நின்றுவிடவில்லை. நோயாளரைப் பராமரிக்க வேண்டிய முறை பற்றி ஒழுங்குவிதிகளையும் எழுதினார். உயிர் பிரிந்துவிட்டதாகத் தோன்றியவர்களை அவசரப்பட்டு அடக்கம் செய்வதைத் தடுக்க, அதன் பின்னரும் கால் மணி நேரம் அருகிலிருந்து செபிக்கும்படி தம் சகோதரர்களைப் பணித்தார் என்று அவரது வரலாறு கூறுகின்றது. அவர்கள் தங்கள் உடையில் அணிந்த சிவப்புச் சிலுவை, 1586ஆம் ஆண்டில் திருத்தந்தையின் அனுமதியோடு கிடைத்தது. போர்க்களத்தில் காயமுற்றோரைத் தேடிச் சென்று பணி செய்தவர்களும் அந்தச் சகோதரர்களே. இரக்கம் அவரைப் புனிதராக்கியது. அந்த இரக்கத்துக்கு அவர் ஓர் ஒழுங்கு கொடுத்ததால்தான் அது அவருக்குப் பின்னரும் நிலைத்தது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு ஜூலை மாதம், இந்தியாவின் நன்கொடை உதவியுடன், மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் '1990 சுவசெரிய' என்னும் இலவச அம்புலன்ஸ் சேவை தொடங்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் நடந்த நிகழ்வோடு அது வடக்குக்கும் வந்தது. பின்னர் படிப்படியாக நாடெங்கும் 297 வண்டிகளோடு விரிவடைந்தது. அதே 2018ஆம் ஆண்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அதற்கென ஒரு மன்றமும் நிறுவப்பட்டது. ஒவ்வொரு வண்டியிலும் பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர் ஒருவரும் சாரதி ஒருவரும் வருகின்றனர். வீட்டுக்கு முன்னே வண்டி பிடிப்பதற்கு அலைந்து திரிந்த நமது தலைமுறைக்கு இது இறைவன் தந்த பெரும் கொடை.

இந்தப் பணியாளர்களை எண்ணிப் பாருங்கள். நள்ளிரவில் நம் வீட்டுக் கதவைத் திறந்து அவர்களை உள்ளே அழைக்கின்றோம். நினைவிழந்த தாயின் உடலைத் தொட அனுமதிக்கின்றோம். அயலவருக்கும் சொல்லாத நோயை அவர்களிடம் சொல்கின்றோம். குடும்பத்தின் சண்டையும், வறுமையும், சிலவேளை தற்கொலை முயற்சி போன்ற ஆறாத துயரமும் அவர்கள் கண் முன்னே விரிகின்றன. முன்பின் அறியாத ஒருவரை இத்தனை நெருக்கமாக நாம் நம்புவது எதனால்? அவர் பயிற்சி பெற்றவர், ஒழுங்குக்கும் சட்டத்துக்கும் கட்டுப்பட்டவர் என்பதால். அந்தக் கட்டு அவிழ்ந்தால் நம்பிக்கையும் உடையும். நம்பிக்கை உடைந்தால், அடுத்த முறை மக்கள் அழைக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் ஓர் உயிர் போகக்கூடும்.

ஆகவேதான் இப்பணியில் இருப்போர் மூன்று சோதனைகளைக் குறித்து விழிப்பாயிருக்க வேண்டும் என்று கருதுகின்றேன். முதலாவது, வேகம். அபாயச் சங்கு ஒலிப்பது வழி கேட்பதற்கே. வழியில் நிற்பவரை அச்சுறுத்துவதற்கு அல்ல. சந்தியில் வேகத்தைத் தணிக்காத வண்டி, ஒரு நோயாளியைக் காப்பாற்றப் போய் இன்னும் பலரை நோயாளிகளாக்கிவிடலாம். இரண்டாவது, எல்லை மீறல். ஐந்தாண்டு அனுபவம் உள்ளவருக்கு, தமக்குக் கற்பிக்கப்படாததையும் செய்து பார்க்கலாம் என்ற துணிவு வந்துவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, வைத்தியரின் ஆலோசனையைக் கேட்பது தாழ்ச்சி என்னும் புண்ணியம். மூன்றாவது, படம் பிடித்தல். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று தம் கைகளாலேயே பிறரைச் சுமந்து சென்றவர்கள் எத்தனையோ பேர். அதே வேளையில் காயமுற்றோரின் படங்களும் இறந்தோரின் படங்களும் கைத்தொலைபேசிகளில் பரவின. நாம் தூய ஆவியாரின் ஆலயம் என்று மதிக்கும் உடல், கண்டு கடந்துபோகும் காட்சிப் பொருளாகக் கூடாது. படத்தை எடுத்தவருக்கு மட்டுமன்றி, அதை மற்றவருக்கு அனுப்பிய நமக்கும் இப்பாவத்தில் பங்கு உண்டு.

இங்கே ஒரு கேள்வி எழலாம். "ஆபத்து நேரத்தில் சட்டமும் ஒழுங்கும் பார்த்துக்கொண்டு நின்றால் உயிர் போய்விடாதா? ஓய்வுநாள் மனிதருக்காகவே உண்டானது என்று இயேசுவே சொல்லவில்லையா?" நியாயமான கேள்வி. குருவும் லேவியரும் விலகிப் போனதற்குத் தூய்மைச் சட்டம் ஒரு சாட்டாக இருந்திருக்கலாம் என்று விளக்கவுரையாளர் சிலர் கூறுவர். இன்றும் ஒழுங்கு சில இடங்களில் சாட்டாகின்றது. படிவம் நிரப்பும்வரை நோயாளியைக் காத்திருக்க வைப்பதும், "இது எங்கள் எல்லைக்குள் வராது" என்று கைகழுவுவதும் அந்தப் பழைய விலகலின் புதிய வடிவங்கள். ஆனால் இயேசு ஓய்வுநாளை அழிக்கவில்லை. அது யாருக்காக என்பதையே நினைவூட்டினார். கையுறை அணிவதும், கழுத்தை அசையாது பிடிப்பதும், கொடுத்த மருந்தையும் நேரத்தையும் குறித்து வைப்பதும் மனிதருக்காகவே உண்டானவை. ஓர் ஒழுங்கு நோயாளியைக் காக்கின்றதா, அல்லது நம்மைச் சிரமத்திலிருந்து காக்கின்றதா என்று கேட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும்.

இதனோடு சேர்ந்த இன்னுமொரு துயரம் உண்டு. வீதியில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் பொலிஸ் விசாரணை, நீதிமன்ற அலைச்சல் என்று அஞ்சி, பலர் வண்டியை நிறுத்தாமலே போகின்றனர். அண்டை நாடான இந்தியாவில், நல்மனத்தோடு உதவுபவரைத் துன்புறுத்தலாகாது என்ற வழிகாட்டல்களுக்கு 2016ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வலுவளித்தது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு இடம்பெற்றது. உதவ வந்தவர் குற்றவாளியைப் போல நடத்தப்படாதிருக்க வேண்டும் என்பது எந்த நாட்டுக்கும் பொருந்தும் நீதி. ஆயினும் அந்த அச்சம் நமக்கு விலகிச் செல்லும் உரிமையைத் தந்துவிடாது. கள்வர் திரியும் பாதையில் நின்ற சமாரியருக்கும் அச்சம் இருந்திருக்கும் அல்லவா?

அடுத்து, உதவ வருபவரின் சொந்த உயிர். கிணறு இறைக்கவோ, மலக்குழி துப்புரவு செய்யவோ இறங்கிய ஒருவர் நச்சு வாயுவால் மயங்குகின்றார். அவரைக் காப்பாற்ற இறங்கிய இரண்டாமவரும் மயங்குகின்றார், மூன்றாமவரும் இறங்குகின்றார். ஒரே வீட்டில் இப்படிப் பல சவப்பெட்டிகள் வைக்கப்பட்ட செய்திகளை நாம் வாசித்திருக்கின்றோம். மின்சாரம் தாக்கியவரை வெறுங்கையால் பற்றி மாண்டவர்களும், கடலில் தத்தளித்தவரின் பிடியில் சிக்கித் தாமும் மூழ்கியவர்களும் உண்டு. அவசர சேவைக்குப் பயிற்சி பெறும் ஒவ்வொருவருக்கும் முதலில் கற்பிக்கப்படுவது இதுதான்: இடம் பாதுகாப்பானதா என்று பார், உன்னையும் உன் தோழரையும் காத்துக்கொள், பின்னர் நோயாளியிடம் போ. இது தன்னலம் அல்ல. நீயும் விழுந்தால் காப்பாற்ற வேண்டியவர்கள் இருவராகின்றனர், காப்பாற்றுபவர் எவருமில்லை.

நண்பருக்காக உயிரைக் கொடுப்பதைவிட மேலான அன்பு இல்லை என்று நம் ஆண்டவர் போதித்தது உண்மையே (யோவான் 15:13). 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 11இல் நியூயோர்க் நகரின் கோபுரங்களுக்குள் ஏறிச் சென்று மாண்ட 343 தீயணைப்புப் படையினர் அந்த அன்பின் சாட்சிகள். ஆனால் அவர்கள் தங்கள் கடமையை அறிந்து, அதற்கெனப் பழகி, உரிய உடையோடும் கருவிகளோடும் சென்றவர்கள். ஆலய உச்சியிலிருந்து குதிக்கும்படி அலகை சோதித்தபோது, கடவுளைச் சோதிக்கலாகாது என்று மறுத்தவரும் அதே இயேசுவே (மத்தேயு 4:5-7). உயிரைக் கையளிப்பதற்கும் உயிரை வீணே எறிவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அவர் நமக்குக் காட்டித் தந்திருக்கின்றார்.

அன்பான பெற்றோரே, இளையோரே, அவசர சேவையாளரின் கடமைகளை மட்டும் பேசிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. வண்டி வந்து சேரும்வரை நோயாளிக்கு முதல் உதவியாளர் நாமே. இதயம் நின்று விழுந்தவரின் நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வரை, வளர்ந்தவருக்கு ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்பது நம் வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? தீப்புண்ணுக்குப் பற்பசையும் எண்ணெயும் பூசாது, இருபது நிமிடங்கள் ஓடும் குளிர் நீரில் பிடிக்க வேண்டும். வலிப்பு வந்தவரின் கையில் இரும்புத் திறப்பைத் திணிப்பதில் பயனில்லை. அருகிலுள்ள ஆபத்தான பொருட்களை அகற்றி, வலிப்பு நின்றதும் ஒருக்களித்துக் கிடத்த வேண்டும். பாம்பு கடித்த இடத்தை வெட்டவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ கூடாது. அசையவிடாது விரைவாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் தண்ணீர் ஊற்றலாகாது.

திருவிழாவுக்குப் பந்தல் போடவும், வாண வேடிக்கை செய்யவும் நமது பங்குகளில் பணமும் ஆட்களும் உண்டு. ஆண்டுக்கு ஒரு நாளை முதலுதவிப் பயிற்சிக்கென ஒதுக்க நம் பங்கு மேய்ப்புப் பணிச் சபைகள் முன்வரலாகாதா? பயிற்சி பெற்ற நால்வர் திருவிழா நாளில் ஆலய வளாகத்தில் ஆயத்தமாக நிற்பதும், ஏணியில் ஏறுபவரை இன்னொருவர் பிடித்துக்கொள்வதும் இறைவனுக்கு உகந்த வழிபாடு. ஏணிக்குக் கீழே அன்று ஒருவர் நின்றிருந்தால் என்று நான் இன்றும் எண்ணுவதுண்டு.

அம்புலன்ஸுக்கு 1990, தீயணைப்புக்கு 110, பொலிஸுக்கு 119 என்ற இலக்கங்களைச் சுவரில் எழுதி வைத்துப் பிள்ளைகளுக்கும் கற்பியுங்கள். விளையாட்டுக்காக அந்த இலக்கங்களை அழைப்பது, வேறொருவரின் உயிருக்கான நேரத்தைத் திருடுவது என்பதையும் சேர்த்துக் கற்பியுங்கள். சங்கொலி கேட்டால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். விபத்து நடந்த இடத்தில் கூட்டம் கூடிக் காற்றை மறிக்காதீர்கள். நோயாளி ஆபத்தான நிலையில் இருந்தால் பங்குத்தந்தையையும் அழையுங்கள், அம்புலன்ஸையும் அழையுங்கள். நோயில்பூசுதல் என்னும் அருளடையாளம் மருத்துவத்துக்குப் போட்டியல்ல. உடலுக்குப் பணி செய்யும் கைகளும் ஆன்மாவுக்குப் பணி செய்யும் கைகளும் ஒரே கட்டிலின் இரு பக்கங்களிலும் நிற்கலாம்.

அவசரப் பணியாளரைக் கடிந்து பேசும் பழக்கமும் நம்மிடையே உண்டு. வண்டி பத்து நிமிடம் பிந்தினால் திட்டுகின்றோம். அதற்கு முன்னர் அவர் எந்த வீட்டில், எந்தக் குழந்தையின் சடலத்தைப் பார்த்துவிட்டு வந்தார் என்பதை நாம் அறிவதில்லை. அவரும் களைப்படைகின்றார், அவரும் இரவில் உறக்கமின்றித் துடிக்கின்றார். முறையான ஓய்வும், பாதுகாப்பான கருவிகளும், மனப்பாரத்தை இறக்கி வைக்க ஓர் இடமும் அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று கேட்பது சமூகத்தின் கடமை. நம் குடும்பச் செபமாலையில் அவர்களுக்காக ஒரு மணியேனும் உருட்டுவது நம் கடமை.

உவமையின் முடிவில், நாமும் போய் அவ்வாறே செய்ய வேண்டும் என்று இயேசு பணித்தார். 'அவ்வாறே' என்ற சொல்லை ஊன்றிக் கவனியுங்கள். அவர் இரங்கியவாறு மட்டுமல்ல. அணுகியவாறு, கழுவியவாறு, கட்டியவாறு, ஏற்றியவாறு, ஒப்படைத்தவாறு. அந்தச் சமாரியரின் கைகள் நடுங்காதிருந்தமைக்கு அவரது இதயம் மட்டும் காரணமல்ல. அவை எங்கோ, எவரிடமோ பழகிய கைகள்.

ஆண்டவரே, உதவத் துடிக்கும் இதயத்தை எங்களுக்குத் தந்தீர். அந்தத் துடிப்பால் எவருக்கும் தீங்கு நேராதபடி, கற்றுக்கொள்ளும் தாழ்ச்சியையும் எங்களுக்குத் தாரும். இரவிலும் பகலிலும் பிறர் உயிரைக் காக்க விரைகின்ற அனைவரையும் காத்தருளும். ஆமென்.